கோமா என்றால் சாப்பிடட்டும்

கம்போங் ராஜாவில் அருளப்பன் அத்தான் லாரியோடு நின்றிருந்தார். அவரைப் பார்த்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. தலை முழுக்க நரைத்திருந்தது. என் பெட்டியை வாங்கி, காலி முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே சொருகினார். அவர் மகன் வின்சென்ட் எப்படி இருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

“மொதல்ல சாப்புடு ரெஜி. மேல ஏறிட்டா ஒண்ணும் கெடைக்காது லா,” என்றார், இந்த ஊர்ப் பேச்சின் ‘லா’வோடு.

கடையில் ரொட்டி சானாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். நம்மூர் பரோட்டாவைவிட மெலிசு. தண்ணியான பருப்புக் குழம்பில் தோய்த்துத் தின்கிறார்கள். தேநீரும் வந்தது. சுற்றிலும் மலை மலையாகத் தேயிலை, கோப்பைக்குள் மட்டும் டின் பால். அத்தான் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தார்.

“வின்சன் இதத்தான் அங்க போட்டு விக்கிறான். அந்த ஊரு ஆளுங்க லைன்ல நின்னு வாங்குறாங்களாம்,” என்றார். விற்கிறான் என்றுதான் சொன்னார்.

நான் கோயம்புத்தூரில் ஸ்பானிய மொழி கற்றுக்கொடுக்கிறவள். இளம் வயதில் ஒரு கன்னியர் மடத்தில் சேர்ந்து, அவர்கள் அனுப்பி ஸ்பெயினில் சில ஆண்டுகள் இருந்தேன். மடத்தை விட்டு வந்தபோது கையோடு வந்தது அந்த மொழி ஒன்றுதான். ஸ்டெல்லா அக்கா என் பெரியம்மா மகள். தூத்துக்குடியிலிருந்து அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டு, கடல் தாண்டி இந்த மலாய் நாட்டு மலைக்கு வந்தவள். அவர்களுக்கு ஒரே பிள்ளை வின்சென்ட். சுற்றுலாக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனான். அதே கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்த யெசேனியாவைக் கல்யாணம் செய்துகொண்டு, அவளுடைய ஊரான பெருவிலேயே கடை போட்டு உட்கார்ந்துவிட்டான். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அக்காவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், அவர்கள் வாயில் எஸ்தெலா.

அவன் மோட்டார் சைக்கிளில் போகும்போது ஒரு வேன் தட்டிவிட்டது. தலையில் அடி. கண் திறக்கவே இல்லை.

அக்காவால் போக முடியாது. இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வாழ்கிறவள். அவளை விட்டுவிட்டு அத்தானாலும் போக முடியாது. யெசேனியாவுக்கும் அக்காவுக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. முதலில் கோயம்புத்தூரிலிருந்தே போனில் சேர்ந்துகொண்டு மொழிபெயர்த்தேன். நாலைந்து நாளில் அக்கா சொன்னாள்: “நீ இங்க வந்துரு ரெஜி. போன்ல ஒன் கொரல் கேக்குது, மூஞ்சி தெரியல. மறைக்கிறியா என்னன்னு தெரியல.”

அப்படித்தான் வந்தேன்.

லாரி ஏறும் வழியெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். அப்புறம் திடீரென்று தேயிலை. வால்பாறையில் பார்த்த அதே பச்சைதான், ஆனால் அங்கே பெண்கள் நிரையில் நின்று கிள்ளுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே ஒரு பெண்ணும் தட்டுப்படவில்லை. இரண்டு ஆண்கள் ஒரு இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு செடியின் தலையை மழித்துக்கொண்டே போனார்கள். “வங்காளதேசத்துப் பசங்க. நம்ம பிள்ளைங்க எங்க இருக்காங்க இப்ப,” என்றார் அத்தான். 

அக்கா இன்னும் எஸ்டேட் வீட்டில்தான் இருக்கிறாள். தேயிலை பொட்டலம் கட்டும் வேலையை நோய் வந்ததும் விட்டுவிட்டாள். தோட்டத் துரை வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. வாசலுக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. அழவில்லை.

“எனக்கு நீ மொழிபெயர்க்கறது மட்டும் போதாது,” என்றாள். “நானே அவகிட்ட பேசணும். கத்துக்குடு.”

மறுநாள் காலை அடுப்படியில் உட்கார்ந்தோம். அங்கே மாலையாகும்போது இங்கே விடியும். மாலை நோயாளிகளைப் பார்த்துவிட்டு மருத்துவர் பேசுவார் என்று யெசேனியா சொல்லியிருந்தாள். அதற்கு இன்னும் நேரம் இருந்தது. அத்தான் சர்டின் மீனை மிளகாயில் வதக்கிச் சம்பல் வைத்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு உப்பும் ஆகாது, தண்ணீரும் அளவுதான். அதனால் அவளுக்குத் தனியாக உப்பில்லாத சோறு.

என் மாணவர்களுக்கு முதலில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுப்பேன். என் பெயர் இன்னது, ரயில் நிலையம் எங்கே இருக்கிறது. அக்காவுக்கு அதெல்லாம் எதற்கு? என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

“முழிக்கட்டும். மூச்சு விடட்டும். சாப்புடட்டும். அவகிட்ட, நீ அழாத. இதான்.”

வகுப்பில் பல மாதம் தள்ளிப்போட்டு, பிள்ளைகள் முகம் சுளிக்கச் சுளிக்க நடத்தும் பாடம் அது. நடக்கிற காரியத்துக்கு ஸ்பானியத்தில் வினைச்சொல் ஒரு மாதிரி இருக்கும். நடக்க வேண்டும், நடக்கட்டும், நடக்குமா தெரியவில்லை என்னும்போது அதே சொல் வேறு மாதிரி முடியும். நம் பள்ளியில் படித்த வியங்கோள் வினைமுற்றுக்குப் பக்கத்தில் நிற்கும், ஆனால் அதைவிட அகலமானது. ஒரு தாய் சொல்ல நினைப்பதில் முக்கால்வாசி அதற்குள்தான் இருக்கிறது. இத்தனை வருடம் பாடம் நடத்தியும் இது எனக்குத் தோன்றியதில்லை.

“முழிக்கட்டும்-ங்கிறது கஷ்டம் அக்கா. அந்தச் சொல்லு நடுவுல ஒடையும். ஒழுங்கான சொல்லுங்கள மொதல்ல பாப்போம்.”

“அதுதான மொதல்ல வேணும்.”

“அப்பறம் சொல்லித்தரேன். இப்ப கேளு. மூச்சு விடுறான், ரெஸ்பிரா. கடைசியில ஆ வருதா? அத ஏ ஆக்கிரு. ரெஸ்பிரே. மூச்சு விடட்டும்.”

“ரெஸ்பிரே.”

“சில சொல்லு ஏ-ல முடியும். அத ஆ ஆக்கணும். வாழுறான், பிபே. வாழட்டும், பிபா.”

“ஆ வந்தா ஏ. ஏ வந்தா ஆ. அவ்ளோதானா?” ஆப்லா என்று கொடுத்தேன், ஆப்லே, பேசட்டும் என்று உடனே மாற்றினாள். “சாப்புடுறான்?” என்றாள்.

“கோமே,” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன வரப்போகிறது என்று உறைத்தது.

அக்கா வாய்க்குள் மாற்றிப் பார்த்தாள். “கோமா,” என்றாள்.

அடுப்பில் கரண்டி நின்றது. அத்தான் திரும்பவில்லை. “அந்த வார்த்த வேணாம்,” என்றார். “வேற ஏதாச்சும் சொல்லிக்குடு ரெஜி. வாய்ல வெக்காதீங்க அத.”

மகன் படுத்திருக்கும் நிலைக்கு டாக்டர்கள் சொல்லும் பெயரும் அதுதான். அங்கேயும் அதே சொல், இங்கேயும் அதே சொல். வேறு வினைச்சொல் இருக்கிறது, இரவு உணவு உண்பதற்கு என்று ஒன்று, அதைச் சொல்லித்தரலாமா என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா கையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

“இருக்கட்டும். எல்லாரும் அந்தச் சொல்ல வேற மாதிரி சொல்லிட்டாங்க. நா சாப்புடட்டும்னு சொல்றேன்.” மறுபடி சொன்னாள், கண்ணை மூடிக்கொண்டு. “கோமா. கோமா.” அத்தான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

போன் வந்தது. யெசேனியாவின் முகம் திரையில் பாதிதான் தெரிந்தது. அக்கா அவளிடம் “நோ யோரெஸ், இஹா” என்றாள். அழாதே மகளே. அந்தப் பெண் அதைக் கேட்டுத்தான் அழ ஆரம்பித்தாள். பிறகு போனை மருத்துவரிடம் கொடுத்தாள். களைத்த, தன்மையான குரல். அவர் ஒரு வாக்கியத்தை நிதானமாகச் சொன்னார். “நோ கிரேயோ கே ரெஸ்பிரே சோலோ.”

அக்கா என் முழங்கையைப் பிடித்துவிட்டாள். “ரெஸ்பிரேன்னாரு. கேட்டியா? டாக்டரும் அதத்தான் சொல்றாரு. மூச்சு விடட்டும்னு.”

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் வந்ததிலிருந்து பார்த்திருக்கவில்லை. ஆசைப்படும்போது வரும் அதே உருவம்தான், நம்பிக்கை இல்லை என்னும்போதும் வரும். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்ல நேரம் இல்லை.

“வின்சன் தானா மூச்சு விடுவான்னு…” என்று தொடங்கினேன். தமிழில் வேறு எப்படித் தொடங்குவது? மருத்துவர் ‘இல்லை’ என்னும் சொல்லை முதலிலேயே சொல்லிவிட்டார். நம் மொழியில் அது கடைசியில்தான் வரும். அதுவரை அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“…அவருக்குத் தோணலையாம்க்கா.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். “அதே வார்த்ததான?” என்றாள்.

“அதே வார்த்ததான்.”

“அப்ப எப்படி கண்டுபிடிக்கறது, எது எதுன்னு?”

முன்னால் வருகிற சொல்லைப் பார்க்க வேண்டும் என்றேன். வகுப்பில் சொல்லும் பதில்தான். வகுப்பில் அது போதுமானதாக இருக்கும்.

அடுத்த நாட்களில் எல்லாம் இறங்குமுகம். மூளையில் வீக்கம் குறையவில்லை என்றார்கள். பிறகு காய்ச்சல். காலைச் செய்தியை வாங்கிக்கொண்டு பகல் முழுவதும் அதோடு உட்கார்ந்திருப்போம். எஸ்டேட் கோயிலில் பூசாரி வின்சென்ட் பெயருக்கு அர்ச்சனை செய்து திருநீறு கொடுத்தனுப்பினார். சர்ச்சில் அவனுக்காக ஜெபித்தார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து சாப்பாடு வந்துகொண்டே இருந்தது: நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு, ஆட்டுக்கறி வறுவல், யாரோ கொடுத்த கூடை நிறைய ஸ்ட்ராபெரி. அக்கா எதையும் தின்னக்கூடாது, நாங்கள் தின்ன முடியவில்லை. வெளியே குளிர். மழை நின்ற பிறகும் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். அக்கா முணுமுணுத்துக்கொண்டிருப்பாள், ரெஸ்பிரே, கோமா, பிபா என்று. ஜெபமாலை உருட்டுகிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஒரு காலை, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். வழக்கமாகக் கூட்டிப்போகும் பக்கத்து வீட்டுக் காரில் பேட்டரி செத்துவிட்டது. அத்தானின் லாரியிலேயே கிளம்பினோம். பள்ளி விடுமுறை. திரிங்காப் தாண்டியதுமே கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. பிரிஞ்சாங்குக்கு முந்தைய ஏற்றத்தில், ஊர்ந்து ஊர்ந்து போனதில் லாரி சூடாகிப் புகைவிட்டது. அத்தான் ஓரத்தில் ஒதுக்கினார். எதிரே தேயிலைச் சரிவு. எல்லோரும் படம் எடுக்கிற இடம் போலிருக்கிறது.

நான் தண்ணீர் வாங்க இறங்கினேன். கல்யாணம் ஆகிச் சில நாளே ஆன ஒரு ஜோடி என்னைப் பார்த்து ஓடிவந்தது. “அக்கா, தமிழா? நாங்க மதுரை. ஒரு போட்டோ எடுத்துத் தரீங்களா?” எடுத்துக்கொடுத்தேன். பின்னால் மூடுபனி நன்றாகத் தெரிய வேண்டும் என்று இன்னொன்று கேட்டார்கள். அதையும் எடுத்தேன். அந்தப் பெண், “என்ன ஊருக்கா இது, இங்கயே இருந்துரலாம் போல,” என்றாள். லாரியிலிருந்து அத்தான் கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

போனில் யெசேனியா. படம் இல்லை, குரல் மட்டும். மூவரும் முன்சீட்டில் நெருங்கி உட்கார்ந்து கேட்டோம். வின்சென்ட்டின் இதயம் அன்று நின்று, மீட்டிருக்கிறார்கள். மறுபடி நிற்கும் என்கிறார் மருத்துவர். நின்றால் மறுபடி நெஞ்சை அழுத்தி, அதிர்ச்சி கொடுத்துப் பார்க்கலாம். விலா எலும்பு ஏற்கெனவே உடைந்திருக்கிறது. அல்லது விட்டுவிடலாம். குடும்பத்தார் சொல்ல வேண்டும்.

“நான் எப்படிச் சொல்வேன், மமா?” என்று யெசேனியா கேட்டாள். “நான் அவருடைய மனைவி. நீங்கள் பெற்றவர். போராடட்டுமா, விடட்டுமா? நீங்கள் சொல்வதை நான் அவர்களிடம் சொல்கிறேன்.”

நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். வெளியே யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அக்கா அத்தானைப் பார்த்தாள்.

“என்னயக் கேக்காத ஸ்டெல்லா,” என்றார் அவர். இரண்டு கையும் நின்றுபோன லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. “என்னால ஆவாது.”

அக்கா கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், “ரெஜி, ஓய்வெடுக்குறான்னா என்ன?”

“தெஸ்கான்சா,” என்றேன்.

அவள் உதடு அசைந்தது. நான் உதவி செய்திருக்கலாம். செய்யவில்லை. போனை என் கையிலிருந்து எடுத்து, வாய்க்கு மிக அருகில் வைத்துக்கொண்டாள்.

“கே தெஸ்கான்சே,” என்றாள். “தெஸ்கான்சே, இஹா.”

ஓய்வெடுக்கட்டும். விதி சரியாக வந்திருந்தது. “சி, மமா,” என்றாள் யெசேனியா. சரி அம்மா. அவ்வளவுதான். அத்தான் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, லாரியின் பின்பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா இறங்க மறுத்துவிட்டாள்.

“எனக்கு எதுக்கு இனிமே? அவனப் போவட்டும்னு சொல்லிட்டு நா மட்டும் மெஷின்ல படுத்துக்கவா? வீட்டுக்கு விடுங்க.”

சொல்லிப் பார்த்தேன். எஸ்தெலாவைப் பற்றிச் சொன்னேன். கடவுளைப் பற்றிக்கூடச் சொன்னேன், எனக்கே நம்பிக்கை இல்லாமல். தாதி ஒருத்தி, மலாய்க்காரப் பெண், வெளியே வந்து பார்த்துவிட்டு, படுக்கை காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அக்கா நகரவில்லை.

அத்தான் அவள் பக்கத்துக் கதவைத் திறந்து, கீழே நின்றபடியே பேசினார். குரலை உயர்த்தவில்லை.

“ஒரே நாள்ல ரெண்டு பேர விட என்னால முடியாது ஸ்டெல்லா. அவனுக்கு நீ சொல்லிட்ட. நா ஒண்ணும் சொல்லல. ஒனக்கு நா சொல்றேன். எறங்கு.”

அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். உள்ளே கையில் ஊசிகள் ஏற்றும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இரத்தம் குழாய் வழியே வெளியேறிச் சுற்றி மறுபடி உள்ளே வந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

வின்சென்ட் மறுநாள் போனான். அங்கே முந்தின நாள் மாலை. நாங்கள் முகம் கழுவிக்கொண்டிருந்தோம். யெசேனியா எழுதியனுப்பியது ஒரே வார்த்தை: தெஸ்கான்சா. மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை.

உடலை இங்கே கொண்டுவருவது பற்றி யாரோ பேச்செடுத்தார்கள். அக்கா வேண்டாம் என்றாள்; பிள்ளையின் பிள்ளை அங்கே இருக்கிறது, அவனும் அங்கேயே கிடக்கட்டும். அடக்கத்தைப் போனில் காட்டினார்கள். யார் கையில் இருந்ததோ, போன் ஆடிக்கொண்டே இருந்தது. வறண்ட மணல் மேடு, நீல வெள்ளை பூசிய சுவர், யாருடையவோ காலணிகள், கொஞ்சம் வானம். பெட்டியைப் பார்த்தோமா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து வந்தவர்கள் தரையில் உட்கார்ந்து, ஒரு சின்னத் திரையைச் சுற்றி அழுதார்கள். அத்தான் திரையைப் பார்க்கவில்லை. சிக்னல் போய்விட்டது. திரும்பி வந்தபோது எல்லோரும் கலைந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அக்கா ஸ்பானியம் பேசவில்லை. யெசேனியா கூப்பிட்டால் போனை என்னிடம் தருவாள். முணுமுணுப்பும் நின்றுவிட்டது.

நான் கிளம்புகிற காலை, அத்தான் திரிங்காப்பில் சரக்கு ஏற்றிக்கொண்டு வந்து என்னைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அக்கா அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வழியில் தின்னப் பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். கட்டிய நூலை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

“ரெஜி.”

“சொல்லுக்கா.”

“இருந்தான்-ங்கிறது எப்படி?”

எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, தொடர்ந்தாள். “அந்தப் பிள்ள பெருசானா கேக்கும்ல. அப்பன் எப்படி ஆளுன்னு. அவ அம்மாவுக்கு அவன் கப்பல் ஏறுனப்புறம்தான் தெரியும். சின்னதுல எப்படி இருந்தான்னு நாந்தான சொல்லணும். கெட்டிக்காரனா இருந்தான். பயந்தவனா இருந்தான். அதுக்கு.”

“எரா,” என்றேன்.

“எரா.”

“ஆமா. எரா.”

“இதுக்கு விதி என்ன? ஆ-வ ஏ ஆக்கணுமா?”

“விதி இல்லக்கா இதுக்கு. அப்படியே வெச்சுக்க வேண்டியதுதான்.”

அவள் தலையாட்டினாள். கீழே லாரி வரும் சத்தம் கேட்டது. அவள் வாசலைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, இன்னொரு முறை, பிழையில்லாமல் சொன்னாள்.